கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

எளாவூர்ல இருந்து பேசுறேன். எளாவூர் எங்கன்னு தெரியாதவங்களுக்கு: சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, கடைசி வரைக்கும் வந்தீங்கன்னா, அதுக்கு அடுத்த ஸ்டேஷன் நம்ம ஊரு. ரோட்டுல வந்தா ஆந்திரா போற ஹைவேல செக்போஸ்ட் வரும்ல, அந்த ஊரு.

இன்னைக்கு டாபிக், பூட்டபிள் பென்டிரைவ். பேரைக் கேட்டதும் "இது ஐடி ஆளுங்களுக்கு"ன்னு அடுத்த எபிசோடுக்குப் போயிடாதீங்க. ஒரு நிமிஷம். ஒருத்தரை நினைச்சுக்கோங்க. டிப்ளமோ முடிச்சு, இங்க சிப்காட்ல ஒரு கம்பெனில டிரெய்னியா சேர்ந்திருக்காரு. ரூம்ல நாலு பேரு. பிளஸ் டூல கவர்மெண்ட் கொடுத்த லேப்டாப் ஒண்ணு வச்சிருக்காரு. அதுலதான் மார்க்‌ஷீட் ஸ்கேன், அப்ரண்டிஸ் சர்டிஃபிகேட், ரெஸ்யூமே, வீட்டுல எடுத்த போட்டோ எல்லாம் இருக்கு. ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஆன் பண்றாரு. கருப்புத் திரை. வெள்ளை எழுத்துல, ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காணோம்னு ஒரு வரி.

அடுத்து என்ன? கடை. கடைல சொல்ற பதில் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம்: "ஓஎஸ் போயிடுச்சு தம்பி. புதுசா போட்டுத் தர்றேன். டேட்டா இருக்காது, பரவாயில்லையா?" அவரும் வேற வழி இல்லாம தலையாட்டிட்டு வருவாரு.

இன்னைக்கு நான் சொல்லப்போற ஒரே விஷயம் இதுதான். ஓஎஸ் போயிடுச்சுன்னா டேட்டா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பல நேரம் உங்க ஃபைல் எல்லாம் உள்ள பத்திரமா இருக்கும். கதவைத் திறக்கற ஆளு மட்டும்தான் மயங்கிக் கிடக்காரு. இன்னொரு வாசல் வழியா உள்ள போய் எடுத்துக்கலாம். அந்த வாசல்தான் பூட்டபிள் பென்டிரைவ். நம்ம ஊர்ல அதை "ஓஎஸ் போடற பென்டிரைவ்"னு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கோம். அதோட முதல் வேலை ஓஎஸ் போடறது இல்ல, உள்ள இருக்கறதைக் காப்பாத்தறது.

பூட்டுன்னா என்ன நடக்குது?

பவர் பட்டனை அமுக்கினதும் விண்டோஸ் நேரா வர்றதில்ல. மதர்போர்டுல ஒரு சின்ன சிப்ல இருக்கற புரோகிராம்தான் முதல்ல எழுந்துக்கும். பழைய மெஷின்ல அதுக்குப் பேரு பயாஸ், புதுசுல யூஈஎஃப்ஐ. அதை நம்ம எளாவூர் செக்போஸ்ட் மாதிரி நினைச்சுக்கோங்க. முதல்ல ராம் இருக்கா, கீபோர்டு இருக்கான்னு பார்க்கும். அப்புறம் வரிசையா நிக்கற வண்டிகளைப் பார்க்கும்: ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி, நெட்வொர்க். யாருகிட்ட சரியான பேப்பர் இருக்கோ அவங்களை உள்ள விடும். அந்தப் பேப்பருக்குப் பேரு பூட் லோடர்.

பேப்பரை எங்க வச்சிருக்கணும்னு ஒரு முறை இருக்கு. பழைய பயாஸ், டிஸ்க்கோட முதல் 512 பைட்டைத் தான் படிக்கும். பேப்பர் அங்க இருக்கணும். யூஈஎஃப்ஐ அப்படி இல்ல. ஃபேட் வகையில ஃபார்மேட் பண்ண ஒரு பகுதில, ஈஎஃப்ஐன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள குறிப்பிட்ட பேர்ல ஒரு ஃபைல். அதைத் தேடும்.

இப்போ நிறைய பேரு மாட்டிக்கிற இடம் வருது. ஓஎஸ்ஸை இன்டர்நெட்ல இருந்து இறக்கினா ஐஎஸ்ஓன்னு முடியற ஒரே ஒரு பெரிய ஃபைல் வரும். ஒரு முழு டிஸ்க்கையும் அப்படியே மடிச்சு ஒரே ஃபைலாக்கி வச்சது அது. அதைக் காப்பி பண்ணி பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணிட்டு, "மச்சான், பூட் ஆகலடா"ம்பாங்க. எப்படி ஆகும்? வீட்டு பிளானைச் சுருட்டி மனைல வச்சுட்டு, வீடு எங்கன்னு கேக்கற மாதிரிதான் அது. செக்போஸ்ட்டுக்கு அது ஒரு சாதாரண ஃபைல், பாட்டு ஃபைல் மாதிரி. அந்த ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, பேப்பரை வைக்க வேண்டிய இடத்துல வச்சு எழுதணும். அந்த வேலைக்குத்தான் தனி மென்பொருள்.

ஏன் இப்போ இதைப் பேசணும்?

ரெண்டு காரணம். முதல் காரணம் நம்ம மாவட்டத்துலயே தொடங்கினது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு, திருவள்ளூர் மாவட்டத்துலதான் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. எல்காட் மூலமா வாங்கி, லட்சக்கணக்கான பசங்களுக்குக் கொடுத்தாங்க. நிறைய வீடுகள்ல அதுதான் முதல் கம்ப்யூட்டர். அந்த மெஷின்கள்ல பல இன்னும் உயிரோட இருக்கு. பரண் மேல, தங்கச்சி டேபிள்ல, ஹாஸ்டல் ரூம்ல. ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்கும், ஓஎஸ்தான் தள்ளாடும்.

அதுல பல லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆன் பண்ணா எது வேணும்னு கேட்கும். பாஸ் லினக்ஸை உருவாக்கினது சி-டாக். அந்த வேலை நடந்தது சென்னைலதான், முதல் பதிப்பு வந்தது 2007ல. நம்ம பசங்க பலர் வாங்கின வாரமே கடைக்குப் போய் "அந்த இன்னொண்ணைத் தூக்கிடுங்கண்ணா"ன்னு தூக்கிட்டாங்க. அதோட அருமை இப்போதான் தெரியுது.

ஏன்னா ரெண்டாவது காரணம்: 2025 அக்டோபர் 14 அன்னைக்கு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திட்டாங்க. வீட்டுல வச்சிருக்கறவங்க தனியா பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம்? விண்டோஸ் 11க்குப் போகலாம்னா, டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும், குறைஞ்சது 4 ஜிபி ராம் வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை பிராசசர் வேணும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017லதான். அப்போ 2012, 2014ல வாங்கின லேப்டாப் எல்லாம் அந்தக் கணக்குல ஃபெயில். அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட ரூஃபஸ்லயே ஒரு வழி இருக்கு. ஆனா அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் கண்டிப்பா வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தர்றதில்ல. தெரிஞ்சு செய்யுங்க.

அப்டேட் வராட்டி என்ன ஆயிடும்னு கேப்பீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒண்ணு உலகம் பூரா பரவுச்சு. ஃபைல் எல்லாத்தையும் பூட்டிட்டு பணம் கேட்கும். ஒரகடத்துல இருக்கற ரெனோ நிசான் கார் தொழிற்சாலையும் அதுல பாதிக்கப்பட்டுச்சு. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துல சில கம்ப்யூட்டரும் மாட்டுச்சு. கவனிங்க: அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி, மார்ச்லயே கொடுத்துட்டாங்க. அப்டேட் போட்ட மெஷின் தப்பிச்சுது. நம்ம பழைய லேப்டாப்புக்கு வேலை செய்யற, அப்டேட் வர்ற ஒரு ஓஎஸ் வேணும்னு நான் சொல்றது இதனாலதான். ஸ்டைலுக்காக லினக்ஸ் போடச் சொல்லல.

எதை இறக்கணும்?

விண்டோஸ் வேணும்னா மைக்ரோசாஃப்ட் தளத்துலயே ஐஎஸ்ஓ இலவசமா இறக்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது. லைசன்ஸுக்குத்தான் காசு. உங்க லேப்டாப்ல ஏற்கனவே ஒரிஜினல் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகி இருந்துச்சுன்னா, அந்த விவரம் உங்க மதர்போர்டோட சேர்ந்து மைக்ரோசாஃப்ட்கிட்ட இருக்கும். அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டா தானாவே ஆக்டிவேட் ஆயிடும், கீ எல்லாம் தேட வேண்டாம். ஹோம் இருந்த இடத்துல ஹோம், ப்ரோ இருந்த இடத்துல ப்ரோ. அதை மட்டும் மாத்தாதீங்க.

டெலிகிராம் குரூப்ல "லைட் விண்டோஸ், ஃபுல் ஆக்டிவேட்டட், 2 ஜிபி ராம்லயே பறக்கும்"னு சுத்துமே, அதைத் தொடாதீங்க. யார் பிரிச்சாங்க, உள்ள என்ன தைச்சாங்கன்னு தெரியாது. அதுல உட்கார்ந்துதான் நீங்க ஜிபே பாஸ்வேர்டும் பேங்க் ஓடிபியும் அடிக்கப் போறீங்க.

லினக்ஸ்னா, 4 ஜிபி ராம் இருந்தா லினக்ஸ் மின்ட். அதுல எக்ஸ்எஃப்சிஇன்னு ஒரு லேசான வகை இருக்கு, பழைய மெஷினுக்கு அதுதான் பொருத்தம். 2 ஜிபிதான்னா மின்ட் ஓடும், ஆனா மூச்சு வாங்கும். லுபுன்டு பார்க்கலாம், ஆன்ட்டிஎக்ஸ் இன்னும் லேசு. பாஸ் லினக்ஸும் இறக்கலாம். எல்லாமே இலவசம், எல்லாமே அதோட சொந்தத் தளத்துல இருந்து.

இறக்கினதும் ஒரு சரிபார்ப்பு. ஐஎஸ்ஓ இருக்கற பக்கத்துலயே எஸ்எச்ஏ 256ன்னு ஒரு நீள எண் கொடுத்திருப்பாங்க. நீங்க இறக்கின ஃபைலோட எண்ணும் அதுவும் ஒண்ணா இருக்கணும். ரூஃபஸ்ல ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்துல ஒரு டிக் பட்டன் இருக்கும், அமுக்கினா எண்ணைக் கணக்கு போட்டுக் காட்டும். முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து பார்த்தாலே டவுன்லோடு பாதியில கெட்டுப் போச்சான்னு தெரிஞ்சுடும். நம்ம ஏரியால சிக்னல் எப்படின்னு உங்களுக்கே தெரியும். மொபைல் ஹாட்ஸ்பாட்ல 3 ஜிபி இறக்கும்போது இந்த ஒரு நிமிஷ வேலை ஒரு ராத்திரியை மிச்சப்படுத்தும்.

டெஸ்க்டாப்ல உட்கார்ந்து செய்யலாம், வாங்க

இதுக்கு வேலை செய்யற ஒரு கம்ப்யூட்டர் வேணும். ஃபிரெண்டு வீட்டு டெஸ்க்டாப், காலேஜ் லேப், பிரவுசிங் சென்டர், எதுவா இருந்தாலும் அனுமதி கேட்டுட்டு. பென்டிரைவ் குறைஞ்சது 8 ஜிபி. 16 இருந்தா நிம்மதி. உள்ள ஏதாவது இருந்தா முதல்லயே எடுத்துடுங்க, ஏன்னா முழுசா அழியும். அழிஞ்சா "ரீசைக்கிள் பின்"ல எல்லாம் இருக்காது.

விண்டோஸ் டெஸ்க்டாப்னா ரூஃபஸ். சின்ன மென்பொருள், இன்ஸ்டால் பண்ணக்கூட வேண்டாம், இறக்கி அப்படியே திறக்கலாம். திறந்ததும் மேல முதல் பெட்டி: டிவைஸ். இந்த எபிசோடுல ஒரே ஒரு இடத்துல மூச்சைப் பிடிச்சுக் கவனிக்கணும்னா அது இதுதான். உங்க பென்டிரைவ் தானா? பேரு பாருங்க, அளவு பாருங்க. சந்தேகமா இருந்தா பென்டிரைவைப் பிடுங்குங்க, பட்டியல்ல இருந்து மறையுதா பாருங்க, திரும்பச் சொருகுங்க. டெஸ்க்டாப்ல வேற யாரோட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்காவது மாட்டியிருந்தா முதல்லயே கழட்டி ஓரமா வைங்க. பூட்டபிள் பண்ணும்போது நடக்கற பெரிய சோகம் எல்லாம் இந்த ஒரு பெட்டிலதான் நடக்கும்.

அடுத்து ஐஎஸ்ஓ தேர்வு. அதுக்கப்புறம் பார்ட்டிஷன் ஸ்கீம்: எம்பிஆரா, ஜிபிடியான்னு கேட்கும். இந்த ஜிபிடிக்கும் சாட் பண்ற ஜிபிடிக்கும் சம்பந்தம் இல்ல. உங்க லேப்டாப் விண்டோஸ் 8 காலத்துக்கு அப்புறம் வந்ததுன்னா பெரும்பாலும் யூஈஎஃப்ஐ, அதனால ஜிபிடி. 2011, 12 மாதிரி பழசுன்னா பயாஸ், அதனால எம்பிஆர். குழப்பமா இருந்தா முதல்ல ஒண்ணு, ஆகலன்னா இன்னொண்ணு. பென்டிரைவ்தானே, எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்.

ஃபைல் சிஸ்டம் ரூஃபஸ் சொல்றதையே விடுங்க. ஏன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. யூஈஎஃப்ஐக்கு ஃபேட்32 பிடிக்கும். ஆனா ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வைக்க முடியாது. இப்போ வர்ற விண்டோஸ் ஐஎஸ்ஓக்குள்ள இருக்கற முக்கியமான ஒரு ஃபைல் பல நேரம் அதைத் தாண்டுது. அதனாலதான் கையால காப்பி பண்ணா லினக்ஸுக்குச் சில சமயம் வேலை செய்யற அதே வழி, விண்டோஸுக்குப் பாதியில நின்னுடும். ரூஃபஸ் என்ன பண்ணும்னா, என்டிஎஃப்எஸ்ல எழுதிட்டு, அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு குட்டி லோடரைப் பக்கத்துல வைக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளரை வாசல்ல நிக்க வைக்கற மாதிரி.

ஸ்டார்ட் கொடுத்ததும், லினக்ஸ் ஐஎஸ்ஓன்னா ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையான்னு ஒரு கேள்வி வரலாம். முதல்ல சொல்றதையே எடுத்துக்கோங்க. அது பூட் ஆகலன்னா மட்டும் டிடி. டிடின்னா ஐஎஸ்ஓவை ஒரு பைட் கூட மாத்தாம அச்சு மாதிரி ஒத்தி எடுக்கறது. பலேனா எட்சர்னு இன்னொரு மென்பொருள் இருக்கு, அதுவும் இப்படித்தான் எழுதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். இந்த முறைல எழுதின பென்டிரைவைத் திரும்ப விண்டோஸ்ல சொருகினா, "இதைப் படிக்க முடியல, ஃபார்மேட் பண்ணவா?"ன்னு கேட்கலாம். பதறிப்போய் எஸ் கொடுத்துடாதீங்க. பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸுக்குத்தான் அந்த மொழி தெரியல.

அடிக்கடி இதே வேலை பார்க்கறவங்களுக்கு வென்டாய்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவை பென்டிரைவ்ல அதைப் போட்டுட்டா, அப்புறம் ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி பண்ணி வச்சா போதும். பூட் பண்ணும்போது மெனு வரும்: மின்ட் வேணுமா, விண்டோஸ் வேணுமா, பாஸ் வேணுமா. நான் முன்னாடி சொன்ன வீட்டு பிளான் கணக்குக்கு இது விதிவிலக்கு. ஏன்னா பிளானைப் படிக்கத் தெரிஞ்ச மேஸ்திரி ஏற்கனவே மனைல உட்கார்ந்திருக்காரு.

பூட் பண்றது

லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ணுங்க. பென்டிரைவைச் சொருகுங்க. ஆன் பண்ணதும் பூட் மெனு பட்டனைத் தட்டிக்கிட்டே இருங்க. லெனோவா, டெல், ஏசர்னா பெரும்பாலும் எஃப்12. எச்பின்னா எஃப்9. அசுஸ் லேப்டாப்னா எஸ்கேப். ஏசர்ல சில மாடல்ல எஃப்12 மெனுவையே பயாஸுக்குள்ள போய் ஆன் பண்ணணும். லெனோவா சில மாடல்ல பக்கவாட்டுல ஊசி நுழையற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஆஃப்ல இருக்கும்போது அதுக்குள்ள ஒரு குண்டூசியால அமுக்கினா மெனு வரும். வந்த பட்டியல்ல உங்க பென்டிரைவ் பேரைத் தேர்ந்தெடுங்க.

சில மெஷின்ல செக்யூர் பூட் தடுக்கும். பேப்பர் இருந்தா மட்டும் பத்தாது, நம்பிக்கையான கையெழுத்தும் இருக்கணும்னு கேக்கற செக்போஸ்ட் அது. மின்ட், உபுன்டு மாதிரி பெரிய லினக்ஸ்கள்ல அந்தக் கையெழுத்து இருக்கும், தடை வராது. சின்னச் சின்ன லினக்ஸ்ல இருக்காது.

ஆனா அதை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, கொஞ்சம் புது லேப்டாப் வச்சிருக்கறவங்க நில்லுங்க. விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் கணக்கோட உள்ள போற நிறைய லேப்டாப்ல டிஸ்க் தானாவே பூட்டி இருக்கும். பிட்லாக்கர். செக்யூர் பூட்டை மாத்தினா அடுத்த தடவை 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துல இருக்கும். இன்னைக்கே அதை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அந்தச் சாவி இல்லன்னா, இப்போ நான் சொல்லப்போற ஃபைல் காப்பாத்தற வழியும் உங்களுக்கு வேலை செய்யாது. 2025 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப்லெட்னு அறிவிச்சாங்களே, அதுல புது லேப்டாப் வாங்கினவங்க இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது செஞ்சுடுங்க.

முதல்ல காப்பாத்து, அப்புறம் அழி

மின்ட் பென்டிரைவ்ல பூட் ஆனதும், நேரா ஒரு முழு டெஸ்க்டாப் வந்துடும். இதுக்குப் பேரு லைவ். உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாறாது. எல்லாம் பென்டிரைவ்ல இருந்து ராமுக்கு வந்து ஓடுது. கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இப்போ ஃபைல் மேனேஜரைத் திறங்க. இடது பக்கம் உங்க ஹார்ட் டிஸ்க் தெரியும். அதை கிளிக் பண்ணா உங்க பழைய சி டிரைவ். யூசர்ஸ், உங்க பேரு, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். ரெண்டாவதா ஒரு பென்டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ சொருகி, எல்லாத்தையும் அதுக்குக் காப்பி பண்ணிக்கோங்க. "படிக்க மட்டும்தான் முடியும்"னு ஒரு செய்தி வந்தா பயப்படாதீங்க. விண்டோஸ் சரியா மூடாம தூங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். காப்பி எடுக்க அது போதும்.

காப்பி பண்ணி முடிச்சதும் ரெண்டு மூணு ஃபைலைப் புது இடத்துல இருந்து திறந்து பாருங்க. மார்க்‌ஷீட் திறக்குதா? போட்டோ தெரியுதா? தெரிஞ்சுதுன்னா, அந்தக் கருப்புத் திரை உங்ககிட்ட இருந்து எதையும் பிடுங்கலன்னு அர்த்தம். இதுக்கப்புறம் கடைக்குக் கொடுத்தாலும் சரி, நீங்களே போட்டாலும் சரி. "டேட்டா இருக்காது, பரவாயில்லையா?"ன்னு கேட்டா தைரியமா "பரவாயில்லண்ணா"ன்னு சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு சத்தம் வந்தாலோ, பட்டியல்லயே டிஸ்க் தெரியலன்னாலோ, அது ஓஎஸ் பிரச்சினை இல்ல. டிஸ்க்கே சாகுது. அப்போ திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க, மேல புது ஓஎஸ்ஸும் போடாதீங்க. உள்ள இருக்கறது முக்கியம்னா அப்படியே ஆஃப் பண்ணி, டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க.

லைவ்ல இன்னொரு வசதி: வைஃபை வருதா, சவுண்டு வருதா, கேமரா வருதான்னு இன்ஸ்டால் பண்ணாமலே பார்த்துடலாம். பிடிச்சிருந்தா டெஸ்க்டாப்லயே இன்ஸ்டால்னு ஒரு ஐகான் இருக்கும். அதுல ஒரு கட்டத்துல "டிஸ்க்கை முழுசா அழிச்சுப் போடவா, விண்டோஸ் பக்கத்துலயே போடவா"ன்னு கேட்கும். அந்தப் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. மத்ததெல்லாம் ஊரு, பேரு, பாஸ்வேர்டு கேக்கறதுதான்.

பழைய லேப்டாப்ல சுத்தற ஹார்ட் டிஸ்க்தான் இருக்குன்னா, அதைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினா வர்ற வேகம் வேற எதுலயும் வராது. ரயில்ல சென்ட்ரல் போய் இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கற தூரம்தான். கடைக்காரங்களை நான் குறை சொல்லல. சாலிடரிங், டிஸ்ப்ளே, சார்ஜிங் ஜாக் எல்லாம் அவங்க கைல இருக்கற வித்தை, அதுக்குக் காசு கொடுத்தே ஆகணும். நம்மளால ரூம்லயே செய்ய முடியற வேலை எது, அவங்ககிட்ட போக வேண்டிய வேலை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்.

கம்பெனிக்குள்ள வேண்டாம்

நம்ம கேட்கறவங்கள்ல பாதிப் பேரு இந்தப் பக்கம் கம்பெனிகள்ல வேலை பார்க்கறவங்க. அதனால இதைச் சொல்லியே ஆகணும். லைன்ல ஒரு மெஷின் பக்கத்துல பழைய விண்டோஸ் ஓடற ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அது தொங்கும்போது, "நம்மகிட்டதான் பென்டிரைவ் இருக்கே"ன்னு கை பரபரக்கும். வேண்டாம். 2010ல ஸ்டக்ஸ்நெட்னு ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. நெட் கனெக்‌ஷனே இல்லாத தொழிற்சாலைக் கம்ப்யூட்டருக்குள்ள அது போன வழி பென்டிரைவ். சீமென்ஸ் கன்ட்ரோல் சிஸ்டத்தைக் குறிவச்சது. ஈரானுக்காகச் செஞ்சதுன்னு சொல்வாங்க, ஆனா அதிகம் பரவின நாடுகள் வரிசைல இந்தியாவும் இருந்துச்சு. கம்பெனி வாசல்ல பென்டிரைவைப் பிடுங்கி வைக்கறாங்கன்னா காரணம் இதுதான்.

பூட்டபிள் பென்டிரைவ்னா, விண்டோஸ் பாஸ்வேர்டைக் கூடக் கேக்காம உள்ள போற சாவி. இப்போ நாம பார்த்ததே அதுதானே? உங்க லேப்டாப்ல அது உங்க உரிமை. அடுத்தவங்க மெஷின்ல, அனுமதி இல்லன்னா, அது சம்பவம். இதையே திருப்பியும் யோசிங்க. உங்க லேப்டாப் வேற யாரு கைல சிக்கினாலும் இதே வழில உள்ள போவாங்க. பிட்லாக்கர் பூட்டு எதுக்குன்னு இப்போ புரியும்.

மெயின்டனன்ஸ்ல இருக்கற பசங்க, சீனியர்கிட்ட கேட்டு, கம்பெனி வச்சிருக்கற பேக்கப் இமேஜ் எப்படி எடுக்கறாங்க, எப்படித் திரும்பப் போடறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. அடிப்படை இதேதான்.

மாட்டிக்கிட்டா யாரைக் கேக்கறது?

தமிழ்லயே கேக்கலாம். 2012 ஜனவரில இருந்து கணியம்னு ஒரு இணைய இதழ் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பத்தித் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கு. சென்னைல லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகள்ல இருந்தே இருக்கு. விழுப்புரத்துல ஒரு குழு கிராமத்துப் பசங்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தர்றாங்க. இவங்க யாரும் "இதுகூடத் தெரியாதா"ன்னு கேக்க மாட்டாங்க. அதுக்கே போய்ச் சேரலாம்.

கடைசியா ஒண்ணு. இந்த எபிசோடைக் கேட்டுட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்"னு வச்சீங்கன்னா, அந்த "அப்புறம்" கருப்புத் திரையோடதான் வரும். அன்னைக்கு பென்டிரைவ் எழுத இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலையணும். லேப்டாப் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பென்டிரைவ்ல மின்ட் எழுதி, ஒரு தடவை லைவ்ல பூட் பண்ணிப் பார்த்துட்டு, மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைக்கற கவர்லயே போட்டு வைங்க. ரூம்ல நாலு பேருக்கு ஒண்ணு இருந்தா போதும்.

எழுதும்போது எங்கயாவது நின்னுடுச்சுன்னா, திரைல என்ன வருதோ அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, லேப்டாப் மாடல் நம்பரும் சேர்த்து. அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசலாம். பார்ப்போம் மக்களே.